ஸ்டியரிங்கில் கட்டிய சிவப்புத் துணி

"ஹலோ... ஹலோ! ஏன்டா, இத்தனை தடவை அடிச்சா ஒரு தடவையாவது எடுக்க மாட்டியா? ... அக்காதான். உனக்கு வேற எத்தனை அக்கா இருக்கா? ... சரி சரி, பெரிய முதலாளி, வேலையா இருப்பே. ஒரே ஒரு கேள்வி. என் பட்டறையில நின்ன உன் லாரி எங்க?"

பட்டறை அக்கா என்றால் லாரிக்காரர்களுக்குள் ஒரு மரியாதை உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு. அவள் கையில், கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்த புது போல்ட் பை கனத்துக்கொண்டிருந்தது. வாசலில் லாரி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் மிச்சம்.

"எடுத்துக்கிட்டுப் போயாச்சா? யாரைக் கேட்டு? ... உன் லாரிதான், யாரு இல்லேன்னா? ... தட்டு மாட்டியிருந்துச்சா? ஆமா, மாட்டியிருந்துச்சு. நான்தானே மாட்டினேன். எதை வெச்சு மாட்டினேன்னு கேட்டியா?"

ஃபிஃப்த் வீல் என்று அதற்குப் பெயர். பெயரில்தான் சக்கரம். உண்மையில் அது லாரியின் முதுகில் படுத்திருக்கும் இரும்புத் தட்டு. டிரெய்லர் வந்து அதன் மேல்தான் உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும். தம்பி ஒரு புது காண்ட்ராக்ட்டுக்காக, இதுவரை இழுக்காத கனத்தில் ஒரு டிரெய்லர் வாங்கிவிட்டான். பழைய தட்டு அதற்குத் தாங்காது. அதனால் பெரிய தட்டாக மாற்றித் தரச் சொல்லி, வேறு போக்கிடம் இல்லாமல் அக்காவிடமே வந்தான்.

"பழைய போல்ட்டுடா! இடம் சரியா இருக்கான்னு பார்க்கறதுக்குச் சும்மா சொருகி வெச்சது. முறுக்கக்கூட இல்ல. ... தட்டு புதுசுதான். அதைப் பிடிச்சுக்கிட்டிருக்கறது பழசாச்சே! ... ம். ... ம். சொல்லு, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ... என்னது? இன்னொரு தடவை சொல்லு. எனக்குப் பொறாமையா?"

பையை மேஜை மேல் தொப்பென்று போட்டாள். அப்பா போன பிறகு பட்டறை அவளுக்கு, லாரிகள் அவனுக்கு என்று பிரிந்தது. பாகம் பிரிந்த அன்றே பேச்சும் பிரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வேலை இருந்தால் பேச்சு, பேச்சு இருந்தால் சண்டை.

"வேணும்னே இழுத்தடிக்கறேனா? உன் காண்ட்ராக்ட் கெட்டா எனக்கு என்னடா கிடைக்கப் போகுது? ... போதும், போதும்! ஸ்டியரிங்ல சிவப்புத் துணி கட்டியிருந்தேனே, அது என்ன அலங்காரமா? ... இருக்கவே இல்லையா? புளுகாத. ... ஓ, டிரைவர் வந்து எடுத்துக்கிட்டுப் போனானா? உனக்கு ஒண்ணுமே தெரியாதா? நல்லாருக்குடா கதை! சரி, அவன் நம்பரைக் கொடு. ... கத்தாத. எனக்கும் கத்தத் தெரியும். நம்பரைச் சொல்லு, எழுதிக்கறேன்."

வேலை முடியாத வண்டியின் ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி கட்டுவது அந்தப் பட்டறையில் அப்பா வைத்த சட்டம். வேலை முடிந்ததும் துணியை அவிழ்த்து, நாலாக மடித்து, மேஜை டிராயரில் வைக்க வேண்டும். எங்காவது சுருட்டி எறிந்தால் அப்பாவிடம் முதுகில் ஒன்று விழும். அக்காவும் வாங்கியிருக்கிறாள், தம்பியும் வாங்கியிருக்கிறான்.

பேனா எடுக்க டிராயரை இழுத்தாள். துணி உள்ளே இருந்தது. நாலாக மடித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து.

"தம்பி. ... இல்ல, கத்தல. நம்பர் வேண்டாம். ஒண்ணு கேட்கறேன், மழுப்பாம சொல்லு. வண்டிய யாரு ஓட்டறா? ... டிரைவர் அவிழ்த்திருந்தா ஜன்னல் வழியா வீசிட்டுப் போயிருப்பான்டா. நாலா மடிச்சு டிராயர்ல வெச்சிருக்கே. ... சொல்லு. ... நீயா? ... பின்னாடி அந்தப் புது டிரெய்லரா? ... பாரம் ஏத்தியாச்சா?"

அவள் அப்படியே கவிழ்த்துப் போட்டிருந்த டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க போயிக்கிட்டிருக்கே? ... அதுக்கு மேல பெரிய இறக்கம் வருமே. அதுக்கு முன்னாடி நிறுத்தணும். ... வாய மூடு, சொல்றத மட்டும் கேளு. பிரேக்க ஓங்கி மிதிச்சுடாத, பின்னாடி இருக்கற பாரம் அத்தனையும் உன் முதுகுல வந்து ஏறிடும். ஆக்சிலேட்டர்லேர்ந்து கால மட்டும் எடு. ... எடுத்துட்டியா? வேகம் தானாக் குறையட்டும். ... ஹாரன் அடிக்கறவன் அடிச்சுக்கட்டும், அவன் என்ன உன் மாமனாரா, மரியாதை பார்க்கறதுக்கு? ... வெட்டித் திருப்பாத! கொஞ்சம் கொஞ்சமா ஓரத்துக்கு வா. ... ஆமா. ... ஆமா. இப்ப லேசா பிரேக். லேசான்னா லேசு. ... நின்னுச்சா? ... டேய், நின்னுச்சாடா? ... ஹலோ!"

காற்றின் இரைச்சல் மட்டும் வந்தது. அவள் ஃபோனைக் காதோடு அழுத்தி, மூச்சையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாடா. ... சரி. ஹேண்ட் பிரேக்கப் போட்டுட்டு இறங்கு. சக்கரத்துக்குக் கல்லு வை. ... வெச்சியா? தள்ளி நின்னு தட்டப் பாரு. ... நகர்ந்திருக்கா? எவ்வளவு? ... கைய விட்டு அளக்காத, எடு கைய! ... போல்ட்டு? ... ஒரு பக்கத்துல ஒண்ணுகூடவா இல்ல?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அவனுக்குத் தெரிந்துவிடும் என்று திட்ட ஆரம்பித்தாள்.

"மடையா. அறிவு கெட்டவனே. இறக்கத்துல போயிருந்தா உன்னைக் கூட்டித்தான் அள்ளியிருக்கணும். ... ஆமா, திட்டறேன், நல்லாக் கேளு. ... என்ன? சத்தமாச் சொல்லு. ... உன்னை மடக்கி வைக்கறதுக்காகத் துணிய வேணும்னே கட்டியிருக்கேன்னு நினைச்சியா?"

அவள் எழுந்து டிராயரிலிருந்து துணியை எடுத்தாள். பேசியபோது குரலில் சூடு இல்லை.

"எங்கூடப் பேசாம இரு. வீட்டுப் பக்கம் வராம இரு. எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போகாது. ஆனா நான் கட்டின துணிய நம்பாம இருக்காதடா. ... ஹலோ? ... மூக்க உறிஞ்சாத, கேக்குது. ... மன்னிப்பெல்லாம் ஒண்ணும் வேண்டாம். அங்கேயே நில்லு, வண்டிய ஒரு அடிகூட நகர்த்தாத. போல்ட்டு எங்கிட்ட இருக்கு, நான் கிளம்பறேன். ... ஆமா, துணியும்தான் கொண்டு வர்றேன். ... ஸ்டியரிங்லயா? இல்லடா, இந்தத் தடவை உன் ரெண்டு கையையும் சேர்த்துக் கட்டறதுக்கு. வை ஃபோன."

அவன் வைப்பதற்குள் அவளே வைத்துவிட்டாள்.