முதுகுப் படம்

"மூஞ்சி தெரியாமத்தான் எடுக்கப்போறேன், மச்சான்."

கடலூரில் சிதம்பரம் பஸ் கிளம்பியதும் என் பக்கத்தில் இருந்தவர் தனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மச்சானிடம் இப்படிச் சொன்னார். மடியில் காமிராப் பெட்டி. நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

"மூஞ்சி இல்லாத போட்டோவ எவன் வாங்குவான்?" என்றார் மச்சான்.

"பாண்டிச்சேரியில ஒருத்தன் எடுத்த படத்தப் பாத்தேன். கடற்கரை மணல்ல ரெண்டு நாற்காலி. ஒண்ணு காலி. இன்னொண்ணுல ஒரு பொம்பள முதுகு காட்டி ஒக்காந்திருக்கா. பட்டப்பகல்ல பக்கத்துல அரிக்கேன் எரியுது. எல்லாம் அவனே ஜோடிச்சு வச்சதுதான். ஆனாலும் அவ திரும்புவாளான்னு ரொம்ப நேரம் நின்னேன்."

"போட்டோவுல இருக்கறவ எப்படிய்யா திரும்புவா?"

"தெரியும். தெரிஞ்சும் நின்னேன்ல? இப்ப பரங்கிப்பேட்டையில அதத்தான் செய்யப்போறேன். அங்க ஒரு பொண்ணோட புருஷன் பினாங்குலேருந்து அவ போட்டோவக் கேக்குறாரு. மூஞ்சிய எடுக்கக் கூடாதுன்னு அவ வாப்பா சொல்லிட்டாரு. சரிங்க பாய், முதுகத்தான் எடுக்கப்போறேன்னேன். ஒத்துக்கிட்டாரு."

"எவ முதுகோன்னு அந்தாளு தூக்கிப் போட்டுட்டா?"

"கட்டுனவனுக்குத் தெரியாதா? பக்கத்துல அவரு நாற்காலியக் காலியாப் போடுறேன். அடுத்த கப்பல்லயே வந்து நிப்பாரு, பாரு."

எங்களுக்கு முன்சீட்டில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு பெண் இருந்தாள். இப்போது தலையைத் திருப்பாமலேயே கேட்டாள்.

"ஒங்க ஸ்டுடியோ எங்கண்ணே இருக்கு?"