ஏழாவது சீட்டு

சத்தியமா சொல்றேன் சார், இதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தா இன்னையோட என் கிளாரினெட்ல காத்துகூட வராம போகட்டும்! சத்தமாவே சொல்றேன், பக்கத்து வீட்டுக்கும் கேக்கட்டும். இல்ல, வேணாம். அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திடுங்க.

ஆமா, நீங்க நிஜமாவே ஹோட்டல்லேருந்துதான் வர்றீங்களா? கார்டு காட்டினீங்க, சரி. கார்டு எந்தக் கடையில வேணா அடிக்கலாம். எங்கிட்டயே ஒண்ணு இருக்கு, கடல் ஆராய்ச்சி நிபுணர்னு. உங்கள எங்க குழு கீபோர்டுக்காரன் அனுப்பலையே? தலைய ஆட்டாதீங்க, வாயத் தொறந்து சொல்லுங்க. ம்.

உங்க ஹோட்டல் பேண்டுல ஒரு வருஷத்துக்கு டிரம்ஸ் வாசிக்க என் தங்கச்சி புருஷனை எடுக்கலாமான்னு கேக்கறீங்க. ஆள் ரேட்டைக் கெடுக்கறவன்னு நாலு பேர் சொல்றாங்களே, நிஜமான்னு கேக்கறீங்க. அதுக்கு ஏன் சார் என்னைத் தேடி வந்தீங்க? சொந்தக்காரன்னா உண்மை சொல்லுவான்னா? உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு மூணு கால்தான் நிஜம்.

எட்டு மாசம் ஆச்சு. லாண்டரி கடைக்கு மேலதான் எங்க ஒத்திகை ரூம். அன்னைக்கு மச்சானையும் சேத்து ஏழு பேர் இருந்தோம். அதுவரைக்கும் ஆளுக்கொரு ரேட்டு. மண்டபத்துக்காரன் எனக்குப் போன் போடுவான், வயலின்காரர் பாதிக்கு வர்றேங்கிறாரேம்பான். அவருக்குப் போட்டு, கிளாரினெட் சும்மாவே வர்றாரேம்பான். கீபோர்டுக்காரன்தான் எங்களுக்கு வேலை பிரிச்சுக் குடுக்கறவன். அவன் சொன்னான், நியாயமா ஒரு ரேட்டு வைப்போம், அதுக்குக் கீழ எவனும் வாசிக்கக் கூடாது. போன வருஷம் ஒரு நிகழ்ச்சிக்கு நீங்க வாங்கினதுலயே கம்மியானது எதுவோ அதச் சீட்டுல எழுதுங்க, பேர் வேணாம், என் ஹெல்மெட்டுக்குள்ள போடுங்கன்னான்.

அங்கதான் சார் தப்பு. மேடையேறி வாசிக்கறவன்கிட்ட உன் கம்மிக் கூலி என்னன்னு கேக்கலாமா? பேர் இல்லாட்டி என்ன, சீட்டைப் படிக்கறப்போ மூஞ்சி காட்டிக் குடுத்துராதா? ஐயாயிரம். ஆறாயிரம். ஏழாயிரத்து ஐநூறு! அது டிரம்பெட்டோடதுதான், சத்தியம் பண்ணுவேன். அவன் செருப்பு வார் சேஃப்டி பின்னுல நின்னுக்கிட்டிருந்துது.

ஏழாவது சீட்டு, எழுநூறு.

கீழ இஸ்திரிப் பெட்டி வைக்கற சத்தம் கேட்டுது. அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் பாக்க ஆரம்பிச்சோம். டிரம்பெட் மூக்கைச் சொறிஞ்சா அவன்மேல சந்தேகம். வயலின்காரர் தண்ணி குடிச்சா அவர்மேல. இந்த எழுநூறு வெளிய தெரிஞ்சா நமக்கு எவன் அதுக்கு மேல குடுப்பான்? எல்லாரையும்விட நான்தான் குதிச்சேன். எவன்டா அவன், நான் ஒரு சுரம் பிடிச்சா லிஃப்டு நாலாவது மாடியில நின்னு கேட்டுட்டுத்தான் இறங்கும், என் மானத்தையும் சேத்து விக்கறவன் எவன்டான்னு கத்தினேன். லிஃப்டு விஷயம் நிஜம் சார், சிரிக்காதீங்க.

கீபோர்டுக்காரன் சீட்டை வெளிச்சத்துல பிடிச்சான். பச்சை மை. மச்சான் சட்டைப் பையில பச்சைப் பேனா. அவன் தாளக் கணக்கெல்லாம் பச்சையிலதான் குறிப்பான், எல்லாருக்கும் தெரியும். முடிஞ்சு போச்சு.

மச்சான் என்னை ஒரு தடவை பாத்தான். குச்சிய உறையில போட்டுக்கிட்டுப் படியிறங்கிட்டான். எழுநூறைத் தூக்கிப் போட்டுட்டு, மிச்சச் சீட்டை வச்சு ஆறாயிரம்னு முடிவு பண்ணினோம். நம்பமாட்டீங்க, மண்டபத்துக்காரங்க குடுக்கறாங்க! ஆறு பேர் புளுகினதுல ஒரு நியாயமான ரேட்டு வந்துருச்சு. நானும் வாங்கறேன். மச்சானுக்கு மட்டும் ஒரு போன் கிடையாது, வீடு வீடா பார்சல் குடுக்கறான். தங்கச்சி என்கிட்ட வாயால பேசறதில்ல. தட்டை வைக்கற சத்தத்துல பேசுவா.

நாளைக்கே முடிவு சொல்லணுமா? வேற டிரம்மர் ரெடியா இருக்கானா? இத முதல்லயே சொல்றதுக்கென்ன.

சரி, எடுத்துக்குங்க அவனை. ரேட்டைக் கெடுக்கறவன் இல்ல. எப்படித் தெரியும்னா... என் பேனா எழுதல சார் அன்னைக்கு. அவன் பேனாவத்தான் வாங்கி எழுதினேன். அறுபத்தெட்டு வயசு வரைக்கும் வாயத் தொறந்தா புளுகுதான். எழுதுன்னதும் கை என்னமோ நிஜத்தை எழுதிருச்சு. எழுநூறு. அதுலயும் பஸ் காசு போயிருச்சு.

ஆறாயிரத்துக்கு ஒரு காசு குறைக்காதீங்க அவனுக்கு. யார் சொன்னாங்கன்னு கேட்டா லிஃப்டு சொல்லுச்சுன்னு வச்சுக்குங்களேன், நான்னு மட்டும் மூச்சு விடாதீங்க. கீபோர்டுக்காரனுக்குத் தெரிஞ்சா என் போனும் நின்னுரும். தங்கச்சிக்குத் தெரியவே வேணாம். மச்சான்கிட்டயா? அவன்கிட்ட நீங்க எதுக்குச் சொல்லணும், பேனா குடுத்தவன் அவன்தானே.