வீட்டுல எத்தனை பேர்?

— ஏணியை ஆட்டாதக்கா. நான் விழுந்தா நாளைக்கு வகுப்பு எடுக்க ஆள் இல்ல.

— உனக்குத்தான் நாளைக்கு வகுப்பே இல்லையே வாத்தியாரே. தாராளமா விழு.

— நம்ம மொழிப் பள்ளிப் பலகையையே கழட்டணுமா, இல்ல எழுத்தைச் சுரண்டினா போதுமா? அதாவது, அமைச்சகத்துல இருந்து வந்தவர் சரியா என்னதான் சொன்னார்?

— பொது அமைதியை முன்னிட்டு, "அக்கரை மொழி கற்றுத் தரப்படும்"ங்கிற உன் வரி யார் கண்ணுலயும் படக் கூடாதாம். அதுக்குக் கீழ இருக்கிற என் வரியை இன்னும் கொஞ்சம் பெருசா எழுதினா நல்லா இருக்கும்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போனார். பெரியண்ணன் பாஷையாச்சே!

— அந்த நாட்டை நீ பெரியண்ணன்னு நக்கல் பண்றது அவருக்குத் தெரியுமா?

— அவரும் அப்படித்தான்டா சொல்றார். நான் நக்கலா சொல்றேன், அவர் பக்தியோட சொல்றார். அவ்வளவுதான் வித்தியாசம்.

— ஆறே வாரம்க்கா. அதாவது, ஆறு வாரத்துக்கு முன்னாடி ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு இருந்துச்சு. பெரியண்ணன் டாங்கியோட உள்ள நுழைஞ்சான். இப்போ அந்த நாட்டு பாஷையைப் பலகையில எழுதினாலே நம்ம ஊர் அமைதி கெட்டுடுதாம்.

— நுழைஞ்சான்னு சொல்லாதே, தப்பு. "எல்லை தாண்டிய நல்லெண்ண நடவடிக்கை"ன்னு சொல்லணும். நேத்து வெளியுறவு அதிகாரிங்க எட்டு பேருக்கு அந்தச் சொல்லைத்தான் அவங்க பாஷையில சொல்லிக் கொடுத்தேன். வாய்ல நுழையலையேன்னு ஒருத்தருக்குக் கண்ணே கலங்கிடுச்சு, ஐயோ பாவம்.

— அந்த எட்டு பேரும் என் வகுப்புல இருந்தவங்கதானே? ஆத்து மேல நட்புப் பாலம் கட்டுறப்போ அக்கரை பாஷை கத்துக்க வந்தாங்களே!

— அவங்கதான். அதே பெஞ்ச், அதே நோட்டு. வீணாக்குவானேன்னு நோட்டைத் திருப்பிப் போட்டு, கடைசிப் பக்கத்துல இருந்து எழுதுறாங்க. முன்னாடி உன் பாஷை, பின்னாடி என் பாஷை. நடுப்பக்கத்துல ரெண்டும் எப்போ முட்டிக்குமோ தெரியல.

— சிரிக்கிற விஷயமாக்கா இது?

— பின்ன அழவா? என்னைக் கேட்டா, இனிமே பேப்பரே வாங்க வேண்டாம். என் வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே போதும், எந்த நாடு யார் பக்கம் சாயுதுன்னு தெரிஞ்சிடும். மலைநாட்டுத் தூதரகத்துல இருந்து நாலு பேர் சேர்ந்திருக்காங்க. தீவுக்காரங்க ரெண்டு பேர். இந்த ரெண்டு நாடும் முப்பது வருஷமா மூஞ்சி கொடுத்துப் பேசினதில்ல. இப்போ ஒரே பெஞ்சுல உட்கார்ந்து ஒரே பென்சிலை மாத்தி மாத்திச் சீவிக்கிறாங்க.

— பயம். வேற என்ன!

— பயம்னு சொல்லாதடா, நீ எப்பவுமே வார்த்தையில கோட்டை விடுறே. "பிராந்திய ஒற்றுமை." ஏழு நாட்டுக் கூட்டமைப்பு இப்போ ஆறு நாட்டுக் கூட்டமைப்பு. அக்கரைக்காரன் நாற்காலியை எடுத்துட்டு மத்ததையெல்லாம் கொஞ்சம் தள்ளிப் போட்டுட்டாங்களாம். கை காலை நீட்டி உட்கார இப்போ வசதியா இருக்காம்.

— நம்ம அரசாங்கம் அந்தக் கூட்டத்துல என்ன சொல்லுச்சு? "இரு தரப்பும் பொறுமை காக்கணும்."

— நியாயம்தானே? உதைக்கிறவன் பொறுமையா உதைக்கணும், வாங்குறவன் பொறுமையா வாங்கணும். அப்படிச் சொன்னதுக்குத்தான் பெரியண்ணன் நம்ம மேல இவ்வளவு பாசமா இருக்கான். அவன் கப்பல் ஒரு மாசமா நம்ம துறைமுகத்துல நின்னு தண்ணி பிடிக்குது. கடலையே குடிச்சாலும் இந்நேரம் தாகம் அடங்கியிருக்கணும்.

— நம்ம மேல கை வைக்க மாட்டேன்னு எழுதியே கொடுத்திருக்கானாமே.

— ஆமா. அக்கரைக்காரனுக்கு எழுதிக் கொடுத்தான் பாரு, அதே காகிதம், அதே மை. தேதியை மட்டும்தான் மாத்தியிருப்பான்... என்னடா, ஒரு வார்த்தைக்கும் சிரிக்க மாட்டேங்கிறே? ஆணியைப் பிடுங்குறதை விட்டுட்டு அங்கேயே நிக்கிறே. வீட்டுல சண்டையா?

— அவ காலையில இருந்து என்கூடப் பேசலக்கா.

— எப்படிடா பேசுவா? அக்கரையில பொறந்தவ. ஆறு வாரமா அம்மா உயிரோட இருக்காங்களா இல்லையான்னு தெரியல. அந்தப் பொண்ணுக்குப் பேச்சா வரும்?

— தெரிஞ்சிடுச்சு. காலையில அத்தையே போன் பண்ணினாங்க.

— அப்பாடா! இதை முதல்ல சொல்றதுக்கென்ன? வயித்துல பாலை வார்த்தே. நல்லா இருக்காங்களா?

— அத்தை, மாமா நல்லா இருக்காங்க. மச்சானைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க.

— ஐயோ! அந்தச் சின்னப் பையனையா? என் பெரிய பையன் வயசுதானேடா அவனுக்கு? இருபது!

— வாசல்ல நாலு சிப்பாய். அத்தை அவனைப் பரண்ல ஏத்தி ஒளிச்சு வச்சுட்டுத்தான் கதவைத் திறந்திருக்காங்க. கத்துவானுங்க, உடைப்பானுங்க, எதுவா இருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுட்டு நின்னிருக்காங்க. முன்னாடி நின்னவன் தொப்பியைக் கழட்டி, "தொந்தரவுக்கு மன்னிக்கணும் அம்மா. வீட்டுல எத்தனை பேர்?"னு கேட்டானாம்.

— அக்கரை பாஷையிலயா? சுத்தமாவா?

— ரொம்பச் சுத்தமா. அதான்க்கா விஷயம். அந்த நாட்டுல எவனும் கதவைத் தட்டிட்டு "தொந்தரவுக்கு மன்னிக்கணும்"னு சொல்ல மாட்டான். அது நான் எழுதினது. என் புத்தகத்துல முதல் பாடம். கல்யாணமான புதுசுல அவ அதைப் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. எங்க ஊர்ல யாருமே இப்படிப் பேச மாட்டாங்களேன்னு சொன்னா. நான்தான், மரியாதையா இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்.

— அத்தை என்ன பதில் சொன்னாங்க?

— அவ்வளவு மரியாதையா கேட்டதும் அவங்களுக்கு வாய் தானா திறந்துடுச்சு. "மூணு பேர்"னு சொல்லிட்டாங்க. கீழ நின்னது ரெண்டு பேர். அவன் நேரா பரணைப் பார்த்தானாம்.

— அடப்பாவி! உன் பொண்டாட்டி என்ன சொன்னா?

— போனை வச்சுட்டு இவ என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "அவங்க உங்ககிட்டப் படிச்சவங்களா?"ன்னு. அதுக்கப்புறம் பேசவே இல்ல.

— போன வருஷம் உன்கிட்ட வந்தானுங்களே, பெரியண்ணன் ஊர்ல இருந்து, முப்பது பேர். விதை வியாபாரிங்கன்னு சொன்னியே!

— அவங்கதான். வேற யார் என் புத்தகத்தைப் படிக்கப் போறா?

— நான் அன்னிக்கே சொன்னேன்டா! முப்பது பேருக்கும் ஒரே முடிவெட்டு, ஒரே ஷூ. மாடிப்படியில ஒரே நேரத்துல ஒரே காலைத் தூக்கி வச்சு ஏறினானுங்க. கீழ சைக்கிள் கடைக்காரர் வெளிய ஓடி வந்து பார்த்தார், கட்டடம் இடியுதோன்னு. விதையாம் விதை! ஒருத்தனாவது வெங்காய விதைக்கு அக்கரை பாஷையில என்ன பேருன்னு கேட்டானா?

— கேட்கல. "கதவைத் திறங்க"வுக்கு என்னன்னு கேட்டாங்க. "இந்தப் பாதை எங்கே போகும்?"னு கேட்டாங்க. வியாபாரின்னா வீடு வீடா ஏறி இறங்கணுமேன்னு நினைச்சேன்.

— நினைச்சியா! உன் நினைப்புல தீயை வைக்க! எங்கேயோ இருக்கிறவன் எதுக்கு இங்க வந்து பக்கத்து நாட்டு பாஷையைப் படிக்கிறான்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்க வேண்டாமா? அந்தப் பிள்ளை இப்போ எந்த இருட்டறையில கிடக்கோ! அதுக்குத்தான் ஆள் பார்த்துச் சேர்க்கணும்ங்கிறது. என் புதன்கிழமை வகுப்பைப் பாரு. அவங்களும் அதே ஊர் வியாபாரிங்கதான். எவ்வளவு ஒழுங்கு! பத்து மணின்னா பத்து மணிக்கு உட்கார்ந்திருப்பாங்க. எழுந்து நின்னுதான் பதில் சொல்வாங்க.

— அவங்க ஊர்க்காரங்களுக்கு அவங்க பாஷையையே நீ எதுக்குக்கா சொல்லிக் கொடுக்கிறே?

— அவங்க பாஷை இல்லடா, நம்ம பாஷை. டைல்ஸ் வியாபாரிங்க. இங்க கடை போடப் போறாங்களாம். நம்ம பாஷைன்னா அவ்வளவு ஆசை.

— எத்தனை பேர்?

— முப்பது... கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்.

— முன்ன பின்னவா?

— முப்பதுதான்.

— டைல்ஸ் பத்தி என்ன கேட்டாங்க?

— டைல்ஸ் பத்தியா... அக்கரை வழியா லாரியில கொண்டு வரணும் இல்லையா? நட்புப் பாலம் எவ்வளவு எடை தாங்கும்னு எப்படிக் கேட்கிறதுன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதானேடா? டைல்ஸ் பாரம் இல்லையா?

— அக்கா, ஏணியைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ.

— பிடிச்சுட்டுத்தான் இருக்கேன்.

— ஆடுது.

— நான் ஆட்டலடா.

— எந்தப் புத்தகத்தை வச்சு நடத்துறே?

— புதுசா யாரு உட்கார்ந்து எழுதுறது? உன்னோடதைத்தான் அப்படியே நம்ம பாஷையில மாத்திக்கிட்டேன்.

— முதல் பாடம் முடிஞ்சுதா?

— போன புதன்கிழமையே. எல்லாரும் நூத்துக்கு நூறு.

— அதாவது... "வீட்டுல எத்தனை பேர்?"னு கேட்கக் கத்துக் கொடுத்துட்டே.

— கேள்வி மட்டும் இல்லடா. பதிலும் பழகணுமேன்னு என் வீட்டையே உதாரணமா வச்சு, நாலு பேர், தபால் ஆபீசுக்கு எதிர் வீடு, பெரிய பையனுக்கு இருபது வயசு, மாடி ரூம்ல தூங்குவான்னு நானே கரும்பலகையில எழுதிப் போட்டேன். முப்பது பேரும் நோட்டுல எழுதிக்கிட்டாங்கடா.