பதினோரு ஜாயின்ட்டு

இல்லம்மா, அது டவுனுக்குப் போற பஸ்சு. நீங்க எண்ணெய் சுத்திகரிக்கற தொழிற்சாலைக்குத்தானே? ரெண்டும் இதே முக்குலதான் நிக்கும். உங்களுது வர இன்னும் நேரம் இருக்கு, உக்காருங்க. கூடைய மடியில வச்சுக்காதீங்க, சூடு தாங்காது. தமால்தானே, சோள மாவுல அவிச்சது? வாழையிலை வாசனை ஆளத் தூக்குது.

மகனுக்கா? ம்ம். இன்னைக்குத் திறப்பு விழான்னு குடும்பத்தையெல்லாம் கூப்பிட்டிருக்காங்க, தெரியும். பன்னெண்டு மணிக்கு. பந்தல் என்ன, பேண்டு வாத்தியம் என்ன, தலைநகரத்துலேர்ந்து பெரிய மனுசங்க என்ன...

நானும் அங்கதாம்மா இருந்தேன், மூணு வருசம். பேரு லிசாந்த்ரோ. முந்தாநாள் விட்டுட்டேன். சும்மாதான். பிடிக்கல.

அந்த இடம் முன்ன எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாததா? நண்டு பிடிக்கப் போயிருக்கீங்களா? அதானே. அவ்வளவு பெரிய அலையாத்திக் காட்டை ஆறே மாசத்துல வழிச்செடுத்துட்டாங்க. கடல்லேர்ந்து மணலை உறிஞ்சிக் கொட்டி, அது மேல உலைய நிறுத்தி, கோபுரத்த நிறுத்தி... முதலைங்க போக்கிடம் இல்லாம பள்ளிக்கூட வாசல்ல வந்து படுத்துச்சே, ஞாபகம் இருக்கா? நாங்க சிரிச்சோம். அப்புறம் மழை வந்துச்சு. மணல் இறங்க ஆரம்பிச்சுது. மாசத்துக்கு ஒரு விரக்கடை. நமக்குத் தெரியாதும்மா, குழாய்க்குத் தெரியும். இந்த முனையும் அந்த முனையும் நேரா நிக்காது. சங்கிலி போட்டு இழுத்துப் பிடிச்சு, அப்படியே வெல்டு வச்சாங்க.

என் வேலையா? படம் எடுக்கறது. ஆஸ்பத்திரியில எலும்பப் படம் எடுக்கறாங்கல்ல, அந்த மாதிரி இரும்ப எடுக்கணும். உள்ள விரிசல் இருந்தா கருப்புக் கோடா விழும். எந்த ஜாயின்ட்டுன்னு படத்துலயே தெரியறதுக்கு, பக்கத்துல ஈயத்துல செஞ்ச நம்பர் வைப்போம். மத்த ஜாயின்ட்டையெல்லாம் தண்ணி ஏத்தி அழுத்தம் குடுத்துப் பாத்துருவாங்க. கடைசியா சேக்கற சிலதுல மட்டும் அது முடியாது. அதுக்கெல்லாம் என் படம்தான் சாட்சி. வேற சாட்சி கிடையாது.

மெலித்தோன்னு ஒரு வெல்டர் இருந்தான். அவன் வச்ச ஜாயின்ட்டு படத்துல குழந்தை நெத்தி மாதிரி இருக்கும், ஒரு கீறல் இருக்காது. அவன்தான் வந்து சொன்னான், இழுத்துக் கட்டி வச்சு வெல்டு போடச் சொல்றானுங்க, இது நிக்காதுடா லிசாந்த்ரோன்னு. மறுநாள் காலையில அவன் அட்டையக் காட்டியும் வாசல் கேட் தொறக்கல. வெயில்ல ஒரு மணி நேரம் நின்னுட்டு வீட்டுக்குப் போயிட்டான். அவ்வளவுதான்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டாங்க. இன்ஜினியர் பாலோமெக். நல்ல மனுசன் மாதிரிதான் பேசுவாரு, காப்பியெல்லாம் ஊத்திக் குடுத்தாரு. விழாத் தேதி மாறாது லிசாந்த்ரோ, மாறப்போறது நீயா, உன் படமா, யோசிச்சுச் சொல்லுன்னாரு.

யோசிச்சேன். அப்புறம் என்ன, எல்லாம் சரியாயிருச்சு. ஃபைல் முழுசாச்சு. கைகுலுக்கினாங்க.

சாப்பிட்டாச்சும்மா. இல்ல, சாப்பிடல, ஆனா வேண்டாம். காலையிலேர்ந்து மூணு பஸ்ச விட்டுட்டேன். கைய நீட்டி நிறுத்தறேன், கால் ஏற மாட்டேங்குது. டிரைவருங்க திட்டிட்டுப் போறாங்க.

உங்க மகன் எந்த இடத்துல? தெரியாதா? தொப்பி என்ன நிறம்? பச்சையா?

பச்சைன்னா உலைய ஓட்டறவங்க. அங்க ரெண்டு உலை இருக்கும்மா, எது? ரெண்டாவது. நல்லாத் தெரியுமா?

முதல் வால்வு அவன் கையாலதான் தொறக்கறதா? அத்தனை பேர் முன்னாடியா? இருக்காதா பின்ன, பெத்தவளுக்குப் பெருமையாத்தான் இருக்கும்.

மணி என்ன? பத்தரை.

போன் வச்சிருக்கீங்களா? அவனுக்குப் போடுங்க. நீங்க பேச வேண்டாம், நான் பேசறேன். ஒண்ணுமில்லம்மா, பயப்படாதீங்க. சரி, பயப்படுங்க, ஆனா போடுங்க. பேரென்ன சொன்னீங்க? ஹெர்மிலோ.

அடிக்குது.

ஹலோ, தம்பி ஹெர்மிலோவா? உங்கம்மா நல்லாத்தான் இருக்காங்க, என் பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க. நான் லிசாந்த்ரோ, படம் எடுத்தவன். ஆமா, ஃபைல்ல இருக்கறது என் கையெழுத்துதான். கேளு. உன் உலைக்கு வர்ற குழாயில, கடைசியா சேத்த ஜாயின்ட்டு பதினொண்ணு இருக்குல்ல? அதோட பதினோரு படமும் சுத்தமா இருக்கும். பாத்திருப்ப. அது பதினொண்ணும் ஒரே ஜாயின்ட்டு தம்பி. வேற எங்கயோ இருக்கறது. ஈய நம்பர மட்டும் மாத்தி மாத்தி வச்சு எடுத்தேன். உன் குழாயோட நிஜப் படமும் எடுத்தேன். பதினொண்ணுல ஒம்பது ஜாயின்ட்டுல கருப்புக் கோடு விழுந்திருந்துச்சு.

நீ வால்வத் தொடாத. பக்கத்துல நிக்கறவங்களையும் கூட்டிக்கிட்டு வெளிய வந்துரு. யாரு தடுத்தாலும் என் பேரச் சொல்லு. முழுப் பேரும் சொல்றேன், எழுதிக்க.