கழிவுப் பைக்குள் குடியிருக்கும் கிருமி

ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தையற்கூட மேலாளர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, ஊசியோடும் நூலோடும் உழைத்து ஓய்ந்து வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். இங்கே உங்களோடு தைக்கும் என் மருமகளை, காசநோய் வந்ததால் நான் அறையில் பூட்டி வைத்திருப்பதாகப் பேச்சு. தவறு! கதவைச் சாத்திக்கொண்டவள் அவள். தாழ்ப்பாளையே கழற்றியவள் நான். கணவர் போனபின் என் வீட்டில் எதையும் நான் பூட்டியதில்லை, என் வாய் உட்பட.

அவள் ஏன் சாத்திக்கொண்டாள்? ஆறு மாத மாத்திரையை இரண்டாம் மாதமே நிறுத்தியதைக் கண்டுபிடித்துவிட்டேன். விழுங்காத மாத்திரை அத்தனையும் நூல் சுற்றும் பாபின் டப்பாவுக்குள்!

"இருமல் நின்னுடுச்சு அத்தை, இன்னும் எதுக்கு?"

"நின்னது இருமல்மா. கிருமி இல்ல!"

அந்தக் கிருமி எங்கே ஒளிகிறது? அதைக் கொல்லப் போன, நம் உடம்பின் காவல் செல்லின் வயிற்றுக்குள்ளேயே! பழுதான துணியைப் பையில் கட்டி அரவை இயந்திரத்துக்கு அனுப்புகிறீர்கள் அல்லவா? காவல் செல்லும் கிருமியை விழுங்கி ஒரு பைக்குள் போடுகிறது. அமிலம் நிறைந்த இன்னொரு பை அதனோடு சேர்ந்தால் கிருமி கரையும். ஆனால் இந்தக் கிருமி, சேரவே விடுவதில்லை! பைக்குள்ளேயே உண்கிறது, உறங்குகிறது, பெருகுகிறது. உறங்குவதையும் விடாமல் ஒழிக்கத்தான் மீதி நான்கு மாதம்.

என்ன கேட்கிறீர்கள்? "அந்தச் செல்லுக்கு மூளை இல்லையாம்மா?" வாய் மட்டும்தான் ஐயா. மேற்பார்வையாளரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், நான் அவரைச் சொல்லவில்லை!

ஆனால் இதை அவரைத்தான் சொல்கிறேன். மருமகள் மாத்திரை விழுங்கியதைப் பார்த்து, "நீ கழிப்பறை ஓரமா உக்காரு" என்றாராம். அவளுடைய இயந்திரத்தில் வேறொருவர். அன்றோடு மாத்திரை டப்பாவுக்குள் போனது.

"மாத்திரை சாப்பிட்டா மெஷின் போயிடும். சாப்பிடலன்னா நான் போயிடுவேன். எதை விடட்டும் அத்தை?"

அவளைக் கையோடு மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

இப்போது மாத்திரையைத் திரும்பச் சாப்பிடத் தொடங்கியிருக்கிறாள். அவளிடமிருந்து நோய் பரவாது, வேலைக்கு வரலாம் என்று மருத்துவர் எழுதித் தந்திருக்கிறார். பின்வரிசையில்தான் இருக்கிறாள். மேடையில் சொல்லட்டுமா என்றேன். "சொல்லுங்க, ஆனா கத்தாதீங்க" என்றாள். முடிந்தவரை முயன்றேன்.

அன்போடு கேட்டிருந்த அனைவருக்கும் நன்றி, வணக்கம். மேலாளர் அவர்களே, மூன்றாம் வரிசையில் அவளுடைய இயந்திரம் அவளுக்கே திரும்பக் கிடைக்குமா, கிடைக்காதா? தலையசைப்பு போதாது. திங்கட்கிழமைக்குள் எழுத்தில் பதில் தாருங்கள்.