தொட்டியம் மெஷின்

ஸ்ரீரங்கத்திலிருந்து காலை பஸ். முன் சீட்டில், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்க, இரண்டு தோழிகள். ஜன்னலோரத்துக்காரி சொன்ன ஒரு வார்த்தையில் நான் செல்போனை மடியில் வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“நல்லா இருந்த கம்ப்யூட்டருக்கு வாரம் ரெண்டு தடவை டிஃப்ராக் போட்டேன்டி.”

“அப்படின்னா?”

“ஹார்டு டிஸ்க்ல சிதறிக் கிடக்குற ஃபைலையெல்லாம் ஒழுங்கா அடுக்குறது. எல்லாக் கிளை மெஷினுக்கும் நெட்வொர்க்ல நான் என் சீட்லேருந்தே பண்ணிடுவேன், அவங்க ஸ்க்ரீன் எனக்கும் தெரியும். மத்த கிளைக்கு மாசம் ஒரு தடவை. தொட்டியத்துக்கு மட்டும் வாரம் ரெண்டு.”

“ஏன்?”

“அது ஓடுறப்ப யாரும் மெஷினைத் தொடக்கூடாது. தொட்டியத்துல இருக்கிறவரு மட்டும் நோட்பேடைத் திறந்து, ‘இங்க ஆத்துல தண்ணி வந்துடுச்சுங்க’ன்னு அடிப்பாரு. நான் அதுக்குக் கீழயே பதில் அடிப்பேன். முடிஞ்சதும் சேவ் பண்ணாம மூடிடுவோம்.”

“ஆளைப் பாத்திருக்கியா?”

“இல்ல. குரல்கூடத் தெரியாது.”

பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. அவள் ஆறு வரும் பக்கமாக, மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப எல்லாக் கிளைக்கும் புது மெஷின் வந்துடுச்சு. அதுக்கு டிஃப்ராக்கே வேண்டாம். தொட்டியத்துக்கு நான் கனெக்ட் பண்ணி மூணு மாசமாச்சு.”

தோழி அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“நேத்து அவர்கிட்டேருந்து கம்ப்ளெயின்ட் வந்திருக்கு. மெஷின் ரொம்ப ஸ்லோவாம்.”

“புது மெஷினா?”

“பத்து செகண்ட்ல ஆன் ஆகுதுடி அது.”

“நீ என்ன பதில் போட்டே?”

“நாளைக்கு நாலு மணிக்கு கனெக்ட் பண்றேன், நோட்பேடைத் திறந்து வைங்கன்னு.”