கூரையிலிருந்து விழுந்த மீஷா

— அதெல்லாம் எனக்குத் தெரியாது தாஷா, இந்தப் போனைப் பிடி. அவன் அம்மாகிட்ட நீதான் பேசணும்.

— என் பேரு தாரிமா, உங்க ரஷ்யப் பேரு தாஷா இல்ல. இங்க சேந்து நாலு வருஷமாச்சு, ஸினயீதா பாவ்லொவ்னா.

— சரிம்மா, இப்ப அதுவா பிரச்சினை? காலையில கம்பெனி டைரக்டரே அந்தம்மாவுக்குப் போன் போட்டு, உங்க மீஷா பனி அள்ளும்போது கூரையிலேருந்து விழுந்துட்டான்னு சொன்னாரு. அந்தம்மா கத்துன கத்துல மனுசன் ஆடிப்போயிட்டாரு. அவங்க பாஷையில நீ கொஞ்சம் ஆறுதலா...

— நான் பைக்கால் ஏரிப் பக்கத்துப் புர்யாத்துக்காரி. அவன் தாஜிகிஸ்தான்லேருந்து பொழைக்க வந்த தாஜிக். அவன் பாஷையில எனக்குத் தண்ணி கேக்கக்கூடத் தெரியாது.

— எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்மா. நான் யாரையும் பிரிச்சுப் பாக்கிறதில்ல.

— பாத்திருந்தா அவன் இடுப்புல கயிறு இருந்திருக்கும். உங்க அண்ணன் மகனைக் கயிறில்லாமக் கூரையில ஏத்துவீங்களா?

— மெதுவா பேசு. கயிறு குடுத்தோம், அவன்தான் கட்டிக்கலன்னு சேத்துச் சொல்லிடு. டைரக்டர் ஜாடை காட்டிட்டாரு. நாம ஒரே குடும்பம்.

— குடும்பம்னா பேரு தெரிஞ்சிருக்கணுமே. பெத்தவ வச்ச பேரு என்ன?

— அது யாரு வாயில நுழையுது? மீஷான்னா திரும்பிப் பாப்பான். நல்ல பையன்.

— மொகத்தப் பாத்தீங்களா?

— குப்புறக் கெடந்தான். போர்வையைப் போட்டாச்சு. சட்டைப் பையில இந்தப் போன், அதுல அம்மான்னு ஒரு நம்பர்... யாரது, கதவத் தட்டாம?

— நான்தான், ஸினயீதா பாவ்லொவ்னா. கொதிகலன் அறையிலேருந்து வர்றேன்.

— மீஷா? நீ... தாஷா, அவனுக்கு நாற்காலி போடு.

— வேணாம். எங்க ஊர்க்காரன் ஒருத்தன் என் பிணத்தப் பாக்க அழுதுகிட்டே ஓடி வந்தான். எங்கம்மா மயங்கி விழுந்து இன்னும் எந்திரிக்கலையாம்.

— அப்ப இந்தப் போனு?

— என்னுதுதான். இன்னைக்குக் கூரையில ஏறப் போனவன்கிட்டக் குடுத்தேன். அவன் போன் உடைஞ்சு போச்சு. ஊர்ல பொண்டாட்டிக்கு வலி எடுத்திருக்கு, எப்ப வேணா இதுல கூப்பிடுவாங்கன்னான்.

— எவன்? யாரச் சொல்ற?

— விழுந்தவனத்தான். என்கூட ஒரு வருஷமா பனி அள்ளுனவன். அவனையும் நீங்க மீஷான்னுதான் கூப்பிட்டீங்க.

— அவன் பேரு என்னண்ணா? எனக்குச் சொல்லுங்க.

— கயூம். நான் சுஹ்ரோப்.

— தாஷா, அந்தப் போனை அணைச்சுப் போடு. எதுக்கு இப்ப அடிக்குது?

— அணைக்காதம்மா, குடு. அது கயூம் வீட்டு நம்பர். புள்ள பொறந்திருச்சு போல.